காக்கைக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம்

பட்டாசு ஆலைகளில் புதிதாகப் போர்மேன் ஆகியிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அண்ணாச்சி, இத்தனை வருசம் பயமில்லாம எப்படி வேலை பார்த்தீக?" பயமில்லாமல் பார்த்தேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில், ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடியவன் நான். ஓடிப்போய்ப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டதும் பயத்தால்தான். கணக்கு சார் என்னைக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயம். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அப்படிப்பட்ட நான் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சிரிப்பாக வருகிறது. ஆனாலும், நீ வேலையில் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் அந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவேன்.

எங்கள் கம்பெனி எம். புதுப்பட்டி பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. காலையில் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு முன்னால் நான் கேட்டருகே போய் நின்று சகுனம் பார்ப்பேன். பூனை குறுக்கே போனதா, பல்லி எந்தப் பக்கம் சொன்னது, யார் தும்மினார்கள் என்று எல்லாம் பார்ப்பேன். ஒற்றைத் தும்மல் கேட்டால் கதவைத் திறக்க மாட்டேன். அடுத்த தும்மலுக்காக எல்லோரும் வெயிலில் காத்து நிற்க வேண்டும். அப்படி ஒருநாள் நின்றபோது, வெடிமருந்து நிரப்பும் அறையில் வேலை பார்க்கும் மாரியம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே, "ஆச்சூ! இந்தாங்க அண்ணாச்சி, இன்னொண்ணு. ரெட்டையாப் போச்சு. தொறங்க" என்றாள்.

மாரியம்மாளின் வாய் அந்த வட்டாரத்தில் பேர்போனது. ஒரு முறை காக்கை ஒன்று என் தலையில் தட்டிவிட்டுப் போனது. நான் வெலவெலத்துப் போய், அன்று காலை மருந்து அறைகள் எதையும் திறக்க விடவில்லை. அறைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. கோபம் வராமல் இருக்குமா?

"அது காக்காய் தப்பில்ல அண்ணாச்சி. உங்க வழுக்கையைப் பார்த்துப் பாறைன்னு நெனைச்சு உக்கார வந்திருக்கும். உக்கார எடம் குடுக்காம எங்க பொழப்பைக் கெடுக்கீக."

"சிரிக்காத. எனக்குக் கை எப்படி நடுங்குது பாரு."

"அது எப்பத்தான் நடுங்கல?"

இது மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது, ஆர்டர் கழுத்துவரை இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, "இனி ஒருக்கா சகுனம் அது இதுன்னு வேலையை நிறுத்துனீக, மறுநாள் குடோனுக்குப் போயிருங்க. அங்கன அட்டைப்பெட்டி எண்ணிக்கிட்டு எம்புட்டு வேணாலும் நடுங்கலாம்" என்றார். அந்தக் கவலையில் நான் நன்றாகச் சாப்பிட்டே பல நாள் ஆயிற்று.

காக்கை தட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பாத்திமா எங்கள் கம்பெனிக்குக் கெமிஸ்டாக வந்திருந்தாள். விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். வேதியியலில் பெரிய படிப்பு. பேங்க் பரீட்சையும் எழுத வேண்டும் என்று, சாப்பாட்டு நேரத்தில் நாளுக்கொரு ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்வாள். செய்தது சரிதானா என்று பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். படிக்காத ஆளாக இருந்தால் இன்னும் வசதி, திருத்த மாட்டான். ஆகவே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

காக்கைச் சம்பவத்துக்கு மறுநாள் அவளே ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, இன்னைக்குப் படிச்ச சொல்லு உங்களுக்குன்னே வந்திருக்கு. அடம்ப்ரேட்."

"அடம் பிடிக்கிற மாதிரியில்ல இருக்கு. சகுனமா தாயி?"

"சகுனத்துக்குப் பக்கத்து வீடு. லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல அம்ப்ரான்னா நிழல். நம்ம குடையை அம்பர்லாங்கிறோம்ல, அதுவும் அங்கேருந்து வந்ததுதான், சின்ன நிழல்னு. அம்ப்ராவுக்கு முன்னால 'அட்'னு சேர்த்தா, ஒண்ணு மேல நிழலைப் போடுறதுன்னு ஆகும். படம் வரையிறவங்க முதல்ல ஆளோட உருவத்தை நிழலாட்டம் மங்கலா இழுத்துக்கிடுவாங்க. அதுக்கும் இதே சொல்லுதான். அப்புறம் காலப்போக்குல, வரப்போறதை முன்கூட்டியே மங்கலா ஒரு அடையாளமாக் காட்டுறதுன்னு அர்த்தம் வந்துருச்சு."

"அதைத்தான நானும் சொல்றேன். காக்காய் காட்டுச்சு."

பாத்திமா தலையில் அடித்துக்கொண்டு தன் சாப்பாட்டை ஓரமாக நகர்த்தினாள். எங்கள் ஆலையில் சாப்பாட்டுக்குக் கீழே சிவகாசி அச்சகங்களில் கழித்துக் கட்டிய தாளைத்தான் விரிப்போம். காலண்டர் படத்துக்கு ஒவ்வொரு நிறமாகத்தான் ஏற்றுவார்கள். முதல் நிறத்திலேயே பிசகிய தாளைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். அவள் தூக்கிக் காட்டிய தாளில் வெளிறிய நீலம் மட்டும் அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது.

"இது யாரு?"

"முருகன்."

"எப்படிச் சொல்றீங்க? முகமே வரலையே."

"வேலு தெரியுதுல்ல. இங்கன மயிலுக் கழுத்து."

"மத்த நிறமெல்லாம் ஏறுனப்புறம் பிள்ளையார் வந்து நின்னா?"

"அது எப்படி வருவாரு? முருகனுக்குப் போட்ட நீலத்துல முருகன்தான் வருவாரு."

"அதான் அண்ணாச்சி. இந்த நீலமும் முருகனும் ஒரே படத்துலேருந்து வந்தது. அதனாலதான் இதைப் பார்த்து அதைச் சொல்ல முடியுது. நிழல் விழுந்தா விழ வைக்கிற ஆள் ஒருத்தர் இருப்பாரு. உங்க காக்காய்க்கும் நம்ம மருந்து ரூமுக்கும் எந்தப் படத்துல சம்பந்தம்?"

"காக்காய் சனீஸ்வரன் வாகனம் தாயி."

"அப்ப அவரும் கேட்ல கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

இதைக் கேட்டு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று என்று நினைக்காதீர்கள். மறுநாளும் பூனைக்காகப் பத்தடி சுற்றித்தான் வந்தேன். ஆனால் சுற்றும்போது, நீ நிழலென்றால் உனக்கு ஆள் யார் என்று பூனையைப் பார்த்து மனதுக்குள் கேட்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. பூனை பதில் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்த காலை, சகுனமெல்லாம் அருமையாக அமைந்த காலை. இரவு தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. நிறைகுடம் எதிரே வந்தது. கருடன் வட்டமிட்டது. பல்லி நல்ல பக்கம் சொன்னது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூன்று இட்லிக்கு மேல் சாப்பிட்டிருந்தேன். இன்றைக்குக் குடோன் பயமில்லை என்று விசிலடிக்காத குறையாக ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

மாரியம்மாளின் அறையில் ஒரே சிரிப்பு. அவளும் இன்னும் மூன்று பெண்களும் வேலைக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னத்தா, காலையிலேயே கும்மாளம்?"

"வாங்க அண்ணாச்சி, நீங்களே நியாயம் சொல்லுங்க. ரூமுல மூத்திர வாடை. ஆட்டு வேலைன்னு இவ சொல்றா, ராத்திரி வாட்ச்மேன் வேலைன்னு அவ சொல்றா. எனக்கு என்னமோ உங்க மேலதான் சந்தேகம். மழை இடிக்குப் பயந்துக்கிட்டு இங்கன வந்து ஒளிஞ்சீகளா?"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த அறையை நோக்கி நடந்தேன். வேப்பமரம் தாண்டவில்லை, கால் தானாக நின்றது. சுற்றி வேலி இருக்கிறது, ஆடு எப்படி வரும்? வாட்ச்மேனுக்குக் கேட்டருகேயே கழிப்பறை இருக்கிறது, தூறலில் இவ்வளவு தூரம் ஏன் வருகிறார்? அப்படியானால் இந்த வாடைக்கு ஆள் யார்?

வெடியுப்பும் அலுமினியத் தூளும் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் முதலில் அந்த வாடைதான் வரும். பிறகு சூடு ஏறும், பிறகு நெருப்பு. இதைப் பயிற்சி வகுப்பில் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். ஆனால் வகுப்பில் சொல்லும்போது வாடை வராது. அறையில் வரும்போது சொல்வதற்கு ஆள் இருக்காது, சிரிப்பதற்கு நாலு பேர் இருப்பார்கள்.

திரும்பிப் போனேன். மூலையில் சாக்குப் போட்டு மூடிய தட்டு ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், வேன் ஹாரன் அடித்த அவசரத்தில் யாரோ மிச்ச மருந்தை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகச் சாரல் விழுந்து சாக்கு நனைந்திருந்தது. குனிந்து, தொடாமல், புறங்கையை அருகில் கொண்டுபோனேன். காய்ச்சல்காரன் நெற்றி போலக் கணகணவென்று இருந்தது.

தண்ணீரை ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். ஈரத்தால் வந்த வினைக்கு இன்னும் ஈரமா? தூக்கி வெளியே எறியலாமா என்றால், அசைத்த கையோடு போக வேண்டியதுதான். மருந்தை விட்டுவிட வேண்டும், மனிதர்களை வெளியேற்ற வேண்டும். அவ்வளவுதான் வழி. ஆனால் எப்படி வெளியேற்றுவது? "தீ" என்று கத்தினால் ஒரே வாசலில் எல்லோரும் விழுந்தடித்து ஓடுவார்கள், தட்டு உருளும், பக்கத்து அறைகளிலும் அதேதான் நடக்கும். மெதுவாக "எந்திரிங்க, ஆபத்து" என்று சொன்னால் யாரும் எழ மாட்டார்கள். ஏன் எழ வேண்டும்? நான் ஆபத்து என்று சொல்லாத நாள் எது?

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. நெருப்பு கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது, சாமிக்கும் இதே சட்டம்தான். கற்பூரம் வெளியேதான் ஏற்றுவோம். யாராவது வேண்டுதலுக்காக இருக்கன்குடியில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தால், அந்தச் சோறு கேட்டு வரைக்கும் வரும். வந்துவிட்டது என்று சொன்னதும், கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக நடந்துபோய், கேட்டோரக் குழாயில் கை கழுவி நிற்பார்கள். சாமி சோற்றுக்கு யாரும் ஓட மாட்டார்கள், முண்டியடிக்க மாட்டார்கள். அது மரியாதை இல்லை.

பல்லிக்குப் பயப்படுகிற நான், மாரியம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்வதா? அந்தக் கேள்வி வந்தது. வந்த வழியிலேயே போய்விட்டது.

"இருக்கன்குடிப் பொங்கல் வந்திருக்கு. எல்லாரும் அப்படியே வச்சிட்டுக் கேட்டுக்கு வாங்க" என்றேன்.

மற்ற மூன்று பேரும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மாரியம்மாள் எழவில்லை. "காலங்காத்தால பொங்கலா? இன்னைக்கு வெள்ளியும் இல்ல, செவ்வாயும் இல்ல. யாரு வேண்டுதல்?"

"என் வேண்டுதல்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ கிண்டல் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. கையில் இருந்ததைப் பூப்போலக் கீழே வைத்தாள், எழுந்தாள், வாசலுக்கு வந்து பக்கத்து அறைகளுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "ஏ புள்ளைகளா, ஆத்தா சோறு வந்திருக்கு. வச்சது வச்சபடி வாங்கடி. பிந்துனவளுக்குப் பருக்கை கிடையாது. ஓடக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் அடுத்த வரிசை அறைகளுக்குப் போனேன். எதிரே பாத்திமா வந்தாள். "மாரியம்மா ரூமு. வாடை. சூடு" என்று நாலே சொல் சொன்னேன். அவள் முகம் மாறியது, குரல் மாறவில்லை. "எனக்கும் பொங்கல் உண்டுல்ல அண்ணாச்சி?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே அந்த வரிசை முழுவதையும் தன் பின்னால் அழைத்துக்கொண்டு போனாள்.

கேட்டுக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். கை கழுவிவிட்டார்கள். பாத்திமா பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்துவிட்டாள். சோற்றைத்தான் காணோம். மாரியம்மாள் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். "அவசரப்படாதீங்கடி, அண்டா வண்டியில வருது, பெரிய அண்டா."

ஆபீஸிலிருந்து மேனேஜர் வந்தார். சீசன் நேரத்தில் அத்தனை ஆட்களும் பந்திக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்?

"என்னய்யா இது? யாரு பொங்கல் கொண்டாந்தது?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் அறைகள் இருக்கும் பக்கம் பார்த்தார். புகை இல்லை, சத்தம் இல்லை. வேப்பமரத்தில் ஒரு குயில் மட்டும் கூவிக்கொண்டிருந்தது.

"வாடை வந்துச்சாக்கும். அன்னைக்குக் காக்காய், இன்னைக்கு மூத்திரமா? நான் போய்ப் பார்க்கேன்."

"போகக் கூடாது" என்று குறுக்கே நின்றேன். அவர் என்னைத் தள்ளிப் பார்த்தார். நான் நகரவில்லை.

"நாளையிலேருந்து நீங்க குடோனு."

"சரிங்க. நாளைக்குப் போறேன். இன்னைக்கு நீங்க இங்கனயே நில்லுங்க."

நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்போது எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. ஒருவேளை அது ஆறிவிட்டால்? இனி நான் எதைச் சொன்னாலும் இந்தப் பெண்களில் ஒருத்தியாவது எழுவாளா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆத்தா, சீக்கிரம் ஆகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். தன் கம்பெனி அறை வெடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே போர்மேன் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

முதலில் ஒரு சீறல். பிறகு வெள்ளை வெளிச்சம். பிறகு நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல ஒரு சத்தம். மாரியம்மாள் அறையின் கூரை எழும்பி, துண்டு துண்டாக வந்து விழுந்தது. குயில் கூவுவதை நிறுத்திவிட்டது. அந்த ஓர் அறைதான் போயிற்று. தள்ளித் தள்ளிக் கட்டிய மற்ற அறைகள் அப்படியே நின்றன.

மேனேஜர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கழுவிய கைகளை நீட்டியபடியே எல்லோரும் இருந்தார்கள். வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி சின்னக் குரலில் கேட்டாள். "அப்ப சோறு கிடையாதா?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிலர் அழ ஆரம்பித்தார்கள். மாரியம்மாளும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

விசாரணை, பூட்டு, ரிப்போர்ட் எல்லாம் முறைப்படி நடந்தன. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். மிச்ச மருந்தை அறையில் வைக்கக் கூடாது என்ற விதியை அதன்பிறகு யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. குடோன் பேச்சை மேனேஜர் எடுக்கவே இல்லை. எனக்கோ ஆத்தா கணக்கைத் தீர்க்காமல் தூக்கம் வரவில்லை. இருக்கன்குடிக்குப் போய்ப் பொங்கல் வைத்து, நிஜமாகவே ஒரு அண்டாச் சோற்றைக் கேட்டுக்குக் கொண்டுவந்தேன். பூட்டிய கேட்டுக்கு முன்னால் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். பாத்திமாவும் வந்திருந்தாள்.

மாரியம்மாளுக்குப் பரிமாறும்போது, மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு நான் பொய் சொல்றேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் எந்திரிச்ச?"

"உங்க கையைப் பார்த்தேன்."

"கைக்கு என்ன?"

"நடுங்கல. காக்காய்க்கு நடுங்குற மனுசன், பூனைக்கு நடுங்குற மனுசன், அன்னைக்குச் செலையாட்டம் நிக்கீக. இவரே நடுங்கலன்னா விசயம் எம்புட்டுப் பெருசுன்னு எந்திரிச்சிட்டேன். கொஞ்சம் நெய்யி இருந்தா ஊத்துங்க."

பாத்திமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நடுங்காததும் ஒரு அடையாளம்னு என் புத்தகத்துல போடல" என்றாள்.

தம்பிகளே, தங்கைகளே, பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. பயம் வந்தால் அதைப் பார்த்து, உனக்கு ஆள் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பயந்தபடியே வேலையைப் பாருங்கள், பழகிவிடும். பதில் இருந்தால் வெட்கப்படாமல் வேலையை நிறுத்துங்கள். இன்னொன்று, நீங்கள் வாடையையும் சத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் கீழே வேலை செய்பவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது எனக்குப் புரிந்தது, கம்பெனியை மறுபடி திறந்த அன்றைக்குத்தான்.

அன்று காலை முதல் வேன் வந்து கேட்டருகே நின்றது. நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பூனை இல்லை, தும்மல் இல்லை. அறை அறையாக மூக்கை நுழைத்துப் பார்த்தாயிற்று, பாத்திமாவும் பார்த்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய ஆபீசர் மாதிரி நின்றேன். வேனிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன, எறங்குங்க" என்றேன்.

முன் ஜன்னலில் மாரியம்மாள் தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, இப்படி நின்னீகன்னா நாங்க எறங்க மாட்டோம். கையை முன்னால கொண்டாங்க. கொஞ்சம் நடுங்கிக் காட்டுங்க."

எனக்கு ரோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் கைகளை முன்னால் நீட்டினேன். நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அத்தனை பேரும் அந்த அறைகளுக்குள் போகப்போகிறார்கள் என்று நினைத்ததுமே விரல்கள் தாமாக ஆட ஆரம்பித்துவிட்டன.

"ம், சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு முதலில் அவள் இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள்.